திருமணம் பதியாத பெற்றோர், இரண்டு நாடுகள், ஒரு பிள்ளை: ஜேர்மனியில் பராமரிப்புரிமைக்கான வழிகாட்டி

ஜேர்மனிக்கு வந்து சில ஆண்டுகளே ஆன தமிழர் ஒருவர், போலந்தையோ பிரேசிலையோ ஜேர்மனியையோ சேர்ந்த ஒருவருடன் திருமணப் பதிவின்றி வாழ்ந்து பிள்ளை பெறுவது இப்போது அரிதல்ல. ஊரில் பெரியவர்கள் என்ன சொல்வார்கள் என்பது வேறு கதை. இங்குள்ள அலுவலகங்கள் கேட்கும் கேள்விகள் வேறு. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விகளை, அவை எழும் வரிசையில் எடுத்துக்கொள்கிறது.

எல்லாவற்றுக்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பிள்ளையின் தந்தை யார் என்பதும், பிள்ளையைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரமான பராமரிப்புரிமை யாருக்கு என்பதும் ஜேர்மன் சட்டத்தில் இரண்டு தனித்தனி விடயங்கள். பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயர் இருப்பதால் மட்டும் அவருக்குப் பராமரிப்புரிமை வந்துவிடாது. திருமணம் செய்யாத தாய்க்குப் பிள்ளை பிறந்தால், வேறு ஏற்பாடு செய்யப்படாதவரை அந்த உரிமை தாய் ஒருவருக்கே உரியது என்று ஜேர்மன் குடியியல் சட்டத்தின் 1626a பிரிவு கூறுகிறது. ஒரே வீட்டில் இருந்து, இரவில் பால் காய்ச்சிக் கொடுத்து, காய்ச்சலுக்கு மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடிய தந்தைக்கும் இதே விதிதான். இருவருக்கும் இடையே மனக்கசப்பு வருவதற்கு முன்னரே பத்திரங்களைச் செய்து முடிக்க வேண்டும் என்று இக்கட்டுரை திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவே காரணம்.

முதலாவது படி: எந்த நாட்டின் சட்டம் என்று அறிதல்

பெற்றோரின் குடியுரிமையை வைத்தே சட்டம் முடிவாகும் என்று பலர் நினைக்கின்றனர். அது சரியல்ல. 1996ஆம் ஆண்டின் ஹேக் சிறுவர் பாதுகாப்பு உடன்படிக்கை ஜேர்மனியில் 2011 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 16ஆம் உறுப்புரையின்படி, யாருக்குப் பராமரிப்புரிமை தானாகவே உண்டு என்பதைப் பிள்ளை வழக்கமாக வாழும் நாட்டின் சட்டமே தீர்மானிக்கிறது. பெற்றோரில் ஒருவர் இந்தியரும் மற்றவர் இத்தாலியருமாக இருந்தாலும், பிள்ளை டோர்ட்முண்டில் பிறந்து அங்கேயே வளர்ந்தால் ஜேர்மன் சட்டமே பொருந்தும். வழக்கமான வதிவிடம் என்பது நகரசபையில் செய்த முகவரிப் பதிவு மட்டுமல்ல. பிள்ளையின் பள்ளி, மருத்துவர், உறவுகள், அன்றாட வாழ்க்கை ஆகியவை எங்கே வேரூன்றியுள்ளன என்பதை நீதிமன்றம் பார்க்கும். முகவரிப் பதிவு அதற்கான சான்றுகளுள் ஒன்று மட்டுமே.

வேறொரு நாட்டிலிருந்து பிள்ளையுடன் குடிபெயர்ந்து வந்தவர்கள் அதே உறுப்புரையின் இன்னொரு விதியை அறிந்திருக்க வேண்டும். முன்பு வாழ்ந்த நாட்டின் சட்டப்படி கிடைத்த பராமரிப்புரிமை, பிள்ளை ஜேர்மனிக்கு வந்த பிறகும் அழியாது. இங்கிலாந்தில் 2003 டிசம்பர் 1க்குப் பின் பிறப்பு பதியப்பட்டு, பதிவில் தந்தையின் பெயரும் இருந்தால், திருமணம் செய்யாத தந்தைக்கும் அங்கே பெற்றோர் பொறுப்பு உண்டு. பிரான்சில் பிள்ளை பிறந்து ஓராண்டுக்குள் தந்தைமை உறுதியாகியிருந்தால், பொதுவாக இருவரும் சேர்ந்தே பெற்றோர் அதிகாரத்தைச் செலுத்துவர். அத்தகைய குடும்பம் லண்டனிலிருந்தோ பாரிஸிலிருந்தோ ஜேர்மனிக்கு வந்தால், இங்கே எந்தப் பத்திரமும் செய்யாமலே தந்தையின் உரிமை தொடர்கிறது. ஆகையால் பழைய நாட்டின் பிறப்புச் சான்றிதழை, அதன் முழு வடிவத்தில், கவனமாக வைத்திருங்கள்.

இரண்டாவது படி: தந்தைமையை ஏற்றல்

தந்தைமை ஏற்பு என்பது தந்தை அதிகாரபூர்வமாகக் கையொப்பமிட, தாய் அதற்குச் சம்மதம் தெரிவிக்கும் ஒரு பத்திரம். இளையோர் நல அலுவலகமான யூகெண்ட்அம்டில் இதைக் கட்டணமின்றிச் செய்யலாம். பிறப்புப் பதிவு அலுவலகமான ஸ்டாண்டெஸ்அம்டிலும் நொத்தாரிசிடமும் செய்யலாம். பிள்ளை பிறக்கும் முன்னரே செய்துகொள்வது நல்லது. அப்போது கடவுச்சீட்டுகளுடன் கர்ப்பகாலக் கையேடான முட்டர்பாஸையும் எடுத்துச் செல்லுங்கள். பிறப்பு எதிர்பார்க்கப்படும் நாளை அதிலிருந்தே அலுவலர் எழுதிக்கொள்வார். பிறந்த பிறகு ஒரு வாரத்துக்குள் பிறப்பை அறிவிக்க வேண்டும்; ஏற்பை முன்னரே செய்துவிட்டால், மருத்துவமனையிலிருந்து வந்த களைப்பில் ஆவணம் தேடி அலைய நேராது.

சந்திப்பு இப்படி நடக்கும்: அலுவலர் பத்திரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை உரக்க வாசிப்பார். அது வெறும் சடங்கல்ல. வாசித்துக் காட்டப்பட்டு, புரிந்துகொள்ளப்பட்டு, ஒப்புக்கொள்ளப்பட்ட பின்னரே கையொப்பம் இட வேண்டும் என்பது சட்டம். ஜேர்மன் மொழி போதிய அளவு தெரியாதவருக்கு உரைபெயர்ப்பாளர் தேவை. நேரம் பதியும்போதே அதைச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் சந்திப்பு இன்னொரு நாளுக்குத் தள்ளிப்போகும். வாழ்க்கைத்துணையே உரைபெயர்ப்பார் என்று எண்ணிப் போகாதீர்கள். பத்திரத்தில் அவரும் ஒரு தரப்பினர்.

இந்தப் படியில் மூன்று சிக்கல்கள் வரக்கூடும். முதலாவது, தாய்க்கு ஊரில் பதிவான திருமணம் ஒன்று இன்னும் முறிக்கப்படாமல் இருப்பது. பிள்ளை பிறக்கும் வேளையில் தாயின் கணவராக இருப்பவரே சட்டப்படி தந்தை. பல ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்திருந்தாலும் இது மாறாது. வேறொருவர் செய்யும் தந்தைமை ஏற்பு அதுவரை செல்லாது. விவாகரத்து வழக்கு தாக்கல் செய்யப்பட்ட பின் பிள்ளை பிறந்து, விவாகரத்து இறுதியாகி ஓராண்டுக்குள் உண்மையான தந்தை ஏற்பைச் செய்து, தாயுடன் முன்னாள் கணவரும் சம்மதித்தால் மட்டுமே நீதிமன்ற வழக்கின்றி இதைச் சரிசெய்யலாம். மற்றபடி தந்தைமையை மறுத்து வழக்குத் தொடுக்க வேண்டும். அதற்கும் காலக்கெடு உண்டு. எனவே ஊரிலுள்ள விவாகரத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருப்பவர்கள், கருவுற்றிருப்பது தெரிந்த வாரமே சட்டத்தரணியைப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது, பெற்றோரில் ஒருவருக்கு வதிவிட அனுமதி உறுதியாக இல்லாதபோது எழும் சந்தேகம். அனுமதி பெறுவதற்காகவே ஏற்பு செய்யப்படுகிறது என்று கருதுவதற்கு இடமிருந்தால், பத்திரத்தை எழுதும் அலுவலர் அதை நிறுத்திவைத்து வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு அறிவிக்கலாம். ஆனால் ஏற்பவர் உண்மையில் உயிரியல் தந்தை என்றால் அந்த ஏற்பு ஒருபோதும் முறைகேடாகாது என்று ஜேர்மன் குடியியல் சட்டத்தின் 1597a பிரிவே கூறுகிறது. மரபணுப் பரிசோதனை அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும்.

மூன்றாவது, ஆவணங்கள். அப்போஸ்டில் என்பது ஒரு நாட்டின் ஆவணத்தை மற்றொரு நாட்டில் ஏற்கச் செய்யும் முத்திரை. அதற்கான உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்ததை ஜேர்மனி ஏற்காததால், இந்தியப் பிறப்புச் சான்றிதழில் உள்ள அப்போஸ்டில் முத்திரை இங்கே போதாது. அலுவலகம் கேட்டால், ஆவணம் இந்தியாவிலுள்ள ஜேர்மன் தூதரகத்தின் வழியாகச் சரிபார்க்கப்படும்; அதற்குப் பல மாதங்கள் ஆகும். பெற்றோரின் அடையாளம் நிரூபிக்கப்படாத நிலையிலும் பிறப்பு பதியப்படும், ஆனால் அடையாளம் நிரூபிக்கப்படவில்லை என்ற குறிப்பு பதிவில் சேரும். பின்னர் கடவுச்சீட்டு கேட்கப் போகும்போது அந்த ஒற்றை வரி பெரும் இடையூறாகும்.

மூன்றாவது படி: கூட்டுப் பராமரிப்புரிமை அறிவிப்பு

சோர்கெஎர்க்லேருங் எனப்படும் இந்த அறிவிப்பின் மூலமே திருமணம் செய்யாத இருவரும் சமமான பராமரிப்புரிமை பெறுகின்றனர். தந்தைமை ஏற்பை யூகெண்ட்அம்டிலோ நொத்தாரிசிடமோ செய்தால், அதே சந்திப்பில், அதே மேசையில் இதையும் செய்யலாம். பிறப்புக்கு முன்னரும் செய்யலாம். ஒவ்வொருவரும் நேரில் வந்து அறிவிக்க வேண்டும், பிறருக்கு அதிகாரம் கொடுத்து அனுப்ப முடியாது. இருவரும் வெவ்வேறு நாட்களில் அறிவிக்கலாம். வெளிநாட்டில் இருப்பவர் ஜேர்மன் தூதரகத்தில் அறிவிக்கலாம். "பிரிந்தால் பிள்ளை என்னுடன் இருக்கும்" என்பது போன்ற நிபந்தனை எதையும் இதில் சேர்க்க முடியாது.

தாய்மார் இங்கே ஒன்றை யோசித்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை செய்த அறிவிப்பைத் தன்னிச்சையாகத் திரும்பப் பெற முடியாது. பின்னர் அதை மாற்றக்கூடியது குடும்ப நீதிமன்றம் மட்டுமே. வேறொரு நாட்டில் போய்க் குடியேறும் எண்ணம் உள்ள தாய் அதை அறிந்தே கையொப்பமிட வேண்டும். அதற்காகத் தந்தையை வெளியே நிறுத்துவதே புத்தி என்று நான் சொல்ல வரவில்லை. இருவரும் பிள்ளையை வளர்க்கும் குடும்பத்தில் இருவரும் முடிவெடுப்பதே முறை என்பது என் எண்ணம். தெரியாமல் செய்வதுதான் பின்னர் வழக்காகிறது.

அறிவிப்பு எதுவும் செய்யாத தாய்க்கு நெகாட்டிவ்பெஷைனிகுங் என்ற சான்று தேவைப்படும். பராமரிப்புரிமை அறிவிப்புகளுக்கான பதிவேட்டில் கூட்டு உரிமை பற்றிய பதிவு இல்லை என்பதை மட்டும் அது சொல்கிறது. கடவுச்சீட்டு அலுவலகமும் சில வேளைகளில் பாலர் பள்ளியும் அதைக் கேட்கும். தாய் வாழும் ஊரின் யூகெண்ட்அம்டில் விண்ணப்பித்தால், அவர்கள் பிள்ளை பிறந்த ஊரின் பதிவேட்டை விசாரித்து வழங்குவர். பிள்ளை வெளிநாட்டில் பிறந்திருந்தால் அந்தப் பதிவேடு பெர்லினில் இருக்கிறது. இதில் ஒரு பொறி உண்டு. முதலாவது படியில் கூறியது போல, இங்கிலாந்திலோ பிரான்சிலோ ஏற்கெனவே உரிமை பெற்ற தந்தை இந்தப் பதிவேட்டில் இருக்கமாட்டார். கையில் சான்று இருக்கிறது என்பதற்காக, அத்தகைய தாய் தனக்கே முழு உரிமை என்று நம்பிப் பிள்ளையுடன் நாடு மாறினால் அது சட்டவிரோதமாக முடியலாம்.

தாய் சம்மதிக்காவிட்டால்

2009ஆம் ஆண்டுவரை ஜேர்மனியில் தாயின் சம்மதமின்றித் தந்தைக்கு வழியே இருக்கவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் அது பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு ஜேர்மன் கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றமும் அந்த விதியைச் செல்லாதென்றது. புதிய சட்டம் 2013 மே 19 முதல் நடைமுறையில் உள்ளது. இப்போது தந்தை குடும்ப நீதிமன்றத்தில் விண்ணப்பித்தால், கூட்டு உரிமை பிள்ளையின் நலனுக்கு முரணானது என்று காணப்படாதவரை நீதிமன்றம் அதை வழங்க வேண்டும். தாய்க்குப் பதிலளிக்கக் கால அவகாசம் கொடுக்கப்படும். அந்த அவகாசம் பிள்ளை பிறந்து ஆறு வாரங்களுக்கு முன் முடியக் கூடாது. தாய் எதிர்ப்புக்குத் தகுந்த காரணம் காட்டாவிட்டால், நேரில் விசாரிக்காமலே எழுத்துமூல நடைமுறையில் முடிவு வரும். பெற்றோரிடையே பேச்சே இல்லாத நிலை, வன்முறை போன்றவை காரணமாக எடுக்கப்படும். தந்தை வேறு நாட்டவர் என்பது காரணமாகாது.

பராமரிப்புரிமை இல்லாத தந்தைக்கும் பிள்ளையைச் சந்திக்கும் உரிமை உண்டு. சட்டம் அதைக் கடமை என்றும் சொல்கிறது. தாபரிப்புப் பணம் கொடுப்பதும் சந்திப்புரிமையும் ஒன்றுக்கொன்று விலையல்ல. பணம் வரவில்லை என்று தாய் பிள்ளையைக் காட்ட மறுக்கவும் முடியாது, பிள்ளையைக் காட்டவில்லை என்று தந்தை பணத்தை நிறுத்தவும் முடியாது.

நான்காவது படி: குடியுரிமை, வதிவிட அனுமதி, கடவுச்சீட்டு

ஜேர்மன் தந்தையின் பிள்ளைக்குத் தந்தைமை ஏற்பின் மூலம் ஜேர்மன் குடியுரிமை கிடைக்கும். பெற்றோர் இருவரும் வெளிநாட்டவரானால், ஒருவர் ஐந்து ஆண்டுகள் சட்டப்படி இங்கே வாழ்ந்து நிரந்தர வதிவிட உரிமையும் பெற்றிருந்தால் இங்கே பிறக்கும் பிள்ளை ஜேர்மனியராகும். 2024 ஜூன் 27க்கு முன் இது எட்டு ஆண்டுகளாக இருந்தது. ஜேர்மன் பிள்ளையைப் பராமரிக்கும் வெளிநாட்டுத் தாய் அல்லது தந்தைக்கு வதிவிடச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்கீழ் அனுமதி கிடைக்கிறது. இதற்குப் பராமரிப்புரிமை அடிப்படை. அது இல்லாத பெற்றோரும் அனுமதி பெறலாம் என்றாலும், இங்கேயே பிள்ளையுடன் குடும்பமாக வாழ்வதைக் காட்ட வேண்டும். அது அலுவலகத்தின் தீர்மானத்துக்கும் உட்பட்டது. கூட்டு உரிமை இருக்கும்போது பிள்ளையின் ஜேர்மன் கடவுச்சீட்டுக்கு இருவரின் சம்மதமும் தேவை. ஆனால் மற்றப் பெற்றோரின் நாட்டுத் துணைத்தூதரகம் அதே பிள்ளைக்குத் தன் கடவுச்சீட்டை வழங்குவதை ஜேர்மன் அலுவலகம் தடுக்க முடியாது.

ஐந்தாவது படி: எல்லையைக் கடக்கும் முன்

கோடை விடுமுறைக்கு யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ பிள்ளையுடன் போகும்போது, மற்றப் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதமும் அவரது அடையாள ஆவணத்தின் நகலும் கையில் இருக்க வேண்டும். புறப்படும் நாளையும் திரும்பும் நாளையும் அதில் எழுதுங்கள். திரும்பும் நாள்தான் முக்கியம்: அந்த நாளுக்குப் பின் பிள்ளையை வைத்திருப்பது, அனுமதியின்றி அழைத்துச் சென்றதற்குச் சமமாகக் கருதப்படும்.

நிரந்தரமாக வேறு நாடு போவது தனி விடயம். கூட்டு உரிமை உள்ள ஒருவர் மற்றவரின் சம்மதமின்றிப் போக முடியாது. சம்மதம் கிடைக்காவிட்டால், வதிவிடத்தைத் தீர்மானிக்கும் உரிமையைத் தனக்கு மாற்றும்படி குடும்ப நீதிமன்றத்தைக் கேட்க வேண்டும். சந்திப்பு எப்படி நடக்கும், புதிய ஊரில் பள்ளி எது, பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார் என்பவற்றை விளக்கும் திட்டத்துடன் செல்பவரின் விண்ணப்பத்துக்கு வலு அதிகம். நீதிபதி பிள்ளையையும் நேரில் கேட்பார். பிள்ளைக்கெனத் தனிப் பிரதிநிதி ஒருவரும் நியமிக்கப்படலாம்.

பிள்ளை கொண்டு செல்லப்படலாம் என்ற திட்டவட்டமான அச்சம் இருந்தால், நாட்டைவிட்டு வெளியேற்றத் தடை கோரிக் குடும்ப நீதிமன்றத்தில் அவசர விண்ணப்பம் செய்யலாம். ஷெங்கன் நாடுகளுக்குள் எல்லைச் சோதனை வழக்கமாக இல்லாததால் விமான நிலையத் தடை மட்டும் போதாது. 2023 மார்ச் முதல் ஷெங்கன் தகவல் முறையில் இத்தகைய பிள்ளைகள் பற்றிய முன்னெச்சரிக்கையைப் பதியவும் வழி உண்டு. வெறும் சந்தேகத்தை நீதிமன்றம் ஏற்காது. ஒருவழிப் பயணச்சீட்டு, வேலையைவிட்ட கடிதம், பள்ளியிலிருந்து பிள்ளையை விலக்கிய அறிவிப்பு போன்றவற்றைச் சேர்த்துக் கொடுங்கள்.

பிள்ளை ஏற்கெனவே கொண்டு செல்லப்பட்டிருந்தால்

1980ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை, 16 வயதுக்குட்பட்ட பிள்ளையை அது வழக்கமாக வாழ்ந்த நாட்டுக்கு விரைவாகத் திருப்பி அனுப்புவதற்காக உள்ளது. பராமரிப்புரிமை யாருக்கு என்பதை இந்த வழக்கு முடிவுசெய்யாது. பிள்ளை திரும்பிய பின் அந்த நாட்டின் நீதிமன்றம் அதைப் பார்த்துக்கொள்ளும். இங்கேதான் மூன்றாவது படியின் கனம் தெரியும். மீறப்பட்டது பராமரிப்புரிமையாக இருந்தால் மட்டுமே திருப்பி அனுப்பும் கட்டளை கிடைக்கும். அறிவிப்போ நீதிமன்ற முடிவோ இல்லாமல், சந்திப்புரிமை மட்டுமே உள்ள தந்தை, பிள்ளையுடன் தாய் நாடு மாறினால் இந்த உடன்படிக்கையின்கீழ் பிள்ளையைத் திரும்பக் கேட்க முடியாது.

உரிமை உள்ளவர் பொன் (Bonn) நகரிலுள்ள கூட்டாட்சி நீதி அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்; அதுவே இந்த உடன்படிக்கைக்கான ஜேர்மனியின் மத்திய அதிகாரசபை. நாட்களை வீணாக்காதீர்கள். ஓராண்டு கடந்த பின் வழக்குத் தொடங்கினால், பிள்ளை புதிய சூழலில் நிலைகொண்டுவிட்டது என்ற வாதம் எழும். இடைப்பட்ட காலத்தில் "சரி, அங்கேயே இருக்கட்டும்" என்று கோபத்திலோ சலிப்பிலோ அனுப்பும் ஒரு வாட்ஸ்அப் செய்தி, பின்னர் சம்மதம் தந்ததற்குச் சான்றாகக் காட்டப்படும். எதிர்த்தரப்பு பெரும்பாலும் எடுக்கும் மற்றொரு வாதம், திரும்பினால் பிள்ளைக்குக் கடும் ஆபத்து என்பது. நீதிமன்றங்கள் அதைக் குறுகிய அளவிலேயே ஏற்கின்றன.

இலங்கை 2001ஆம் ஆண்டிலேயே இந்த உடன்படிக்கையில் சேர்ந்து, அதற்கெனத் தனிச் சட்டமும் இயற்றியது. இந்தியா இதில் சேரவில்லை. அதனால் பிள்ளை தமிழ்நாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டால் பொன் அலுவலகத்தின் வழியே திரும்பப் பெறும் நடைமுறை கிடையாது. உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்வதே வழக்கமான வழி. வெளிநாட்டு நீதிமன்றத்தின் கட்டளை கவனிக்க வேண்டிய காரணிகளுள் ஒன்று மட்டுமே, பிள்ளையின் நலனே முதன்மையானது என்று 2017இல் இந்திய உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. அத்துடன், இந்து சிறுவர் மற்றும் பாதுகாவலர் சட்டம் 1956, திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்குத் தாயையே முதல் பாதுகாவலராகவும் அவருக்குப் பின்னரே தந்தையையும் குறிப்பிடுகிறது. எனவே இந்தியாவுடன் தொடர்புள்ள குடும்பத்தில் தந்தையின் பக்கம் முன்கூட்டிய தடுப்புக்கே அதிகப் பயன் உண்டு.

எதிர்த்திசையிலும் இதே சட்டம்தான். டென்மார்க்கிலோ பிரான்சிலோ உறவு முறிந்து, ஜேர்மனியிலுள்ள அக்கா வீட்டுக்குப் பிள்ளையுடன் வந்துவிட்ட தாயையும் இது பிடிக்கும். வந்துவிட்டோம், இனி யார் என்ன செய்ய முடியும் என்று இருந்துவிடாமல், அழைப்பாணை வரும் முன்னரே ஆலோசனை பெறுங்கள்.

எங்கே உதவி கேட்பது

எல்லை கடந்த பிள்ளை வழக்குகளுக்கான மத்திய ஆலோசனை மையத்தைப் பெர்லினிலுள்ள சர்வதேச சமூக சேவை அமைப்பு நடத்துகிறது, ஆலோசனைக்குக் கட்டணமில்லை. அதே நகரில் உள்ள மிக் என்ற சங்கம், இரண்டு மொழி பேசும் பெற்றோருக்கான சமரசப் பேச்சுக்கு நடுவர்களை ஏற்பாடு செய்கிறது. தந்தைமையை நிறுவவும் தாபரிப்புப் பணம் பெறவும் யூகெண்ட்அம்ட் இலவசமாகப் பிள்ளையின் சார்பில் செயல்படும்.

வருமானம் குறைந்தவர் உள்ளூர் நீதிமன்றமான அம்ட்ஸ்கெரிக்ட்டில் ஆலோசனை உதவிச் சீட்டைப் பெற்றால், சட்டத்தரணியின் முதல் ஆலோசனைக்கு 15 யூரோ மட்டுமே செலுத்துவார். குடும்ப நீதிமன்றத்தின் முதல் கட்டத்தில் பராமரிப்புரிமை விண்ணப்பத்துக்குச் சட்டத்தரணி கட்டாயமில்லை. நீதிமன்றத்தின் விண்ணப்பப் பிரிவில் வாய்மொழியாகச் சொன்னாலே அலுவலர் எழுதிக்கொள்வார். முதல் சந்திப்புக்குப் போகும்போது பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், தந்தைமை ஏற்பு, பராமரிப்புரிமை அறிவிப்பு அல்லது நெகாட்டிவ்பெஷைனிகுங், இருவரின் வதிவிட அனுமதிகள், பிள்ளை இதுவரை வாழ்ந்த முகவரிகளின் தேதிவாரியான பட்டியல் ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். சட்டத்தரணி முதலில் கேட்பது பெரும்பாலும் அந்த முகவரிப் பட்டியலைத்தான்.